நாலு வயதுக் குச்சிப்பூச்சி

வாடிய இலைகளோடு குச்சிப்பூச்சியையும் சேர்த்து அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டது காப்பாளருக்கு உறைத்தபோது, குப்பை வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது.

பூச்சிக் காட்சியகத்தில் அவர் சேர்ந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமாகிவிட்டதாகவே அவர் மனைவி மாமனார் வீட்டிலிருந்து மாடி வீடு வரை சொல்லி முடித்திருந்தாள்.

சேர்ந்த அன்றே இயக்குநர் குச்சிப்பூச்சியின் பெட்டியைக் காட்டிச் சொல்லியிருந்தார்: "எந்தப் பெட்டியை வேணும்னாலும் திறங்க. இதை மட்டும் தொடாதீங்க. வெளியே கண்ணாடியைத் துடைச்சா போதும். இலையெல்லாம் நானே மாத்திக்கறேன்."

காய்ந்த குச்சியைப் போலவே இருக்கும் பூச்சி அது. பகலெல்லாம் அசையாது; இருட்டினால்தான் நடக்கும், இலை தின்னும். இந்த இனத்துக்கு ஆயுள் ஓராண்டு, மிஞ்சினால் கொஞ்சம் கூட. இதற்கோ வயது நான்கு என்று பெட்டியின் மேல் பலகையே மாட்டியிருந்தது. இயக்குநரும் முன்பு காப்பாளராக இருந்தவர்தான். பூச்சி சாகாததால்தான் நாற்காலி கிடைத்தது என்று காட்சியகத்தில் பேச்சு. நமக்கென்ன, காதில் விழுந்ததைச் சொல்கிறோம்.

இலை வாடிக் கிடக்கிறதே, மாற்றி நல்ல பெயர் வாங்குவோம் என்று கை வைத்ததில் வந்த வினை இது.

"குச்சி மாதிரி இருக்கிற பூச்சிதானே போச்சு? பூச்சி மாதிரி இருக்கிற ஒரு குச்சியை வைங்க," என்றாள் மனைவி.

வேலியிலிருந்து ஒன்றை ஒடித்து வைத்தார். மறுநாள் இயக்குநர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா?

"ஒரு இலைகூடக் குறையலையேடி. சந்தேகம் வராதா?"

"அப்ப நீங்களே தின்னுங்க."

கிள்ளிப் பார்த்தார்; விளிம்பு நேராக வந்தது. கடைசியில் பல்லாலேயே கடித்து வைத்தார்.

காலையில் இயக்குநர் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். "இதை யாரு தின்னா?"

"பூச்சிதான் சார்."

"இந்தப் பூச்சியா?"

"வேற யாரு சார் இலை திங்கப்போறா?" வாயில் கசப்பு இன்னும் போகவில்லை.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முகமே சரியில்லை. கண்டுபிடிச்சுட்டார்," என்று வீட்டில் வந்து படுத்துக்கொண்டார் காப்பாளர்.

"அசைஞ்சு காட்டினா நம்பிடுவாரு," என்று தன் தலைமுடியில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள் மனைவி.

மறுநாள் குச்சி இப்படியும் அப்படியும் ஆடியது. முடியின் மறுமுனை காப்பாளர் முதுகுக்குப் பின்னால்.

"காத்தே இல்லையேப்பா," என்றார் இயக்குநர்.

"காத்துல ஆடுற குச்சின்னு நம்ம நினைக்கணும்னு அதுவா ஆடும் சார். புத்தகத்துலயே இருக்கு."

இயக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டார். காப்பாளர் அன்றே முடிவு செய்தார்: இனி சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது. ஆண் துணை இல்லாமலே முட்டையிடும் இனம். முட்டையும் பார்க்க விதை மாதிரியே இருக்கும். இருபது முள்ளங்கி விதைகளைப் பெட்டி மண்ணில் தூவினார்.

"முட்டை போட்டிருக்கு சார்."

இயக்குநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஈரம் காயாம பார்த்துக்கப்பா," என்று ஈனக் குரலில் சொல்லிவிட்டு மூன்று நாள் விடுப்பில் போனார்.

சொன்ன சொல் தட்டாமல் காப்பாளர் வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்தார். நாலாம் நாள் காலை, இருபதும் ஆளுக்கு இரண்டு இலை விட்டிருந்தன. பிடுங்குவதற்குள் இயக்குநர் வந்துவிட்டார்.

குனிந்து பார்த்தார். "பொரிஞ்சிருக்கு."

"ஆமா சார்."

"பச்சையா இருக்கு."

"குட்டியில அப்படித்தான் சார்."

இயக்குநர் தள்ளாடியபடி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முடிந்தது கதை. அவர் வேலையைவிட்டுத் தூக்குவதற்கு முன் நாமே போய்விடுவது மரியாதை என்று காப்பாளர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். மாமனாருக்கு என்ன சொல்வது என்ற கவலையோடு அறை வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டக் கை ஓங்கினார். தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா, அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி, ஐயாவும் உள்ள ராஜினாமாதான் எழுதிட்டிருக்காரு," என்றாள். "பூச்சி செத்து மூணு வருஷமாச்சு, நீங்க குப்பையில போட்டது அவரு ஒடிச்சு வெச்ச குச்சி."