ஜக்கெட் வட்டானையும் கதவில்லாத ஆறும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் தேடினாலும், கல்யாண வீட்டுக்கு லைஃப் ஜக்கெட் போட்டுக்கொண்டு போன மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ஜக்கெட் வட்டானை. இதை யாராவது மறுத்தால், அவர் வெளியூர்க்காரர் அல்லது சுனாமிக்குப் பிறகு பிறந்தவர் என்று நீங்கள் முடிவு கட்டிவிடலாம்.

வட்டானை என்றால், வயல்காரர்கள் கூடித் தங்களுக்குள் தெரிவுசெய்கிற தண்ணீர் அதிகாரி. யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர், எந்த மதகுக் கதவைத் திறப்பது, எதை அடைப்பது, வரம்பில் நின்று யார் யாரோடு சண்டை பிடிப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் நெல்லாக வரும். ஏச்சு இலவசமாக வரும். எங்கள் ஆளுக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டை பார்க்கிற ஆமிக்காரர்கள் மட்டும்தான் பாவித்தார்கள்.

சுனாமி வந்த காலையில் அவர் மீன் வாங்கச் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போயிருந்தார். அலை அவரைத் தூக்கி ஒரு தென்னையின் உச்சியில் வைத்துவிட்டுப் போனது. வாழ்க்கையில் மரம் ஏறியறியாத மனிதர். இறக்குவதற்கு நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஆனாலும் அதை வைத்து ஊரில் ஒருவரும் அவரைக் கேலி செய்ததில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு மரம் தேவைப்பட்டது. எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு வெளிநாட்டு நிறுவனம் மீனவர்களுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் லைஃப் ஜக்கெட் பங்கிட்டது. மீனவர்கள் அதை வாங்கி வீட்டுக் கோடியில் எறிந்தார்கள். வட்டானைக்கும் மீன்பிடிக்கும் இருந்த ஒரே சம்பந்தம் சாப்பிடுவது. இருந்தும் வரிசையில் நின்று ஒன்று வாங்கி, அங்கேயே மாட்டி, சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார். அதன்பிறகு பகலில் அவரை ஜக்கெட் இல்லாமல் கண்டவர் இல்லை. வயலுக்கும் அதோடு போவார், சந்தைக்கும் அதோடு போவார், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் அதோடுதான் வருவார்.

எங்கள் பக்கம் கல்யாணச் சாப்பாடு சஹனில்தான் நடக்கும். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர். வட்டானை இருக்கிற சஹனில் ஐந்து பேருக்குத்தான் இடம். ஆறாவது ஆளின் இடத்தை ஜக்கெட் பிடித்துக்கொள்ளும். ஆறு பேருக்கு வைத்த இறைச்சியை ஐந்து பேர் சாப்பிடலாம் என்பதால் அவரோடு உட்கார அடிபிடி நடக்கும். ஒரு முறை மாப்பிள்ளையே எழும்பி வந்து அந்த சஹனில் குந்தினார்.

எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா, பந்தலுக்குள்ள எங்கால தண்ணி வரப்போகுது?" என்று யாராவது கேட்டால், "அண்டைக்கும் இப்பிடித்தான் கேட்டாங்க" என்பார். கேட்டவர் பிறகு சோற்றைத்தான் பார்ப்பார்.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் வட்டானைக்கு உத்தியோகமே தண்ணீருக்குள். கதவில் பாசியும் செத்தையும் அடைத்தால் இறங்கி இழுக்க வேண்டும். இவரோ ஐந்து வருஷமாகக் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் படவிட்டதில்லை. நீளமான கமுகஞ்சலாகை ஒன்றை வைத்துக்கொண்டு கரையில் நின்று குத்துவார். செத்தை இன்னும் இறுகும். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருந்த சொறிக்கல்முனை சின்னத்தம்பியருக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பயிர் பாதி மஞ்சளாகிவிடும்.

அந்த வருஷம் சின்னத்தம்பியர் வாய்க்கால் கரையில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்: "வாற கூட்டத்துல வேற ஆள் போடுற. தண்ணிக்குப் பயந்த ஆளுக்கு என்னத்துக்கு வட்டானை வேல?"

வட்டானை கமுகஞ்சலாகையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருடைய வாப்பாவும் அதே வாய்க்காலில் வட்டானையாக இருந்தவர். அந்த வேலையை எடுத்துவிட்டால் அவருக்கு ஜக்கெட் மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் காலையில் என்னுடைய இன்டர்நெட் கடைக்கு வந்தார். இரண்டு கொம்பியூட்டருக்கு நடுவில் ஜக்கெட்டைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மனே, நம்மட ஜுனைதுக்கு ஒரு மெயில் போடு. நான் வாறன் எண்டு."

ஜுனைத் என்பது சுனாமிக்குப் பிறகு கிணறு இறைக்க வந்த வெள்ளைக்காரப் பொடியன். அவனுடைய உண்மையான பெயர் எங்கள் வாயில் நிற்காததால் ஊர் அவனுக்கு இந்தப் பெயரை வைத்திருந்தது. ரியூனியன் என்ற எரிமலைத் தீவில் இருந்து வந்தவன். அங்கே அவனுடைய தொழில், ஆட்களைக் கயிற்றில் கட்டி, மலை இடுக்கில் பாய்கிற ஆற்றுக்குள்ளே, அருவி அருவியாக இறக்கிக்கொண்டு போவது. அதற்கு ஆட்கள் காசு கொடுக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. எந்தப் பயந்தாங்கொள்ளியும் ஒருமுறை இறங்கினால் பயம் போய்விடும், நீங்கள் வந்தால் நானே இறக்குகிறேன் என்றும் சொல்லியிருந்தான். நாங்கள் மறந்துவிட்டோம். வட்டானை மறக்கவில்லை.

"அவன் கையால ஒருக்கா இறங்கிட்டன் எண்டா, பொறகு இந்த வாய்க்கால் எனக்கு என்ன மனே?"

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. ஊரே வேன் பிடித்து யாழ்ப்பாணம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. வட்டானை எரிமலைக்குத் திட்டம் போட்டார்.

ஜுனைத்திடமிருந்து சந்தோஷமாகப் பதில் வந்தது. முதல் கேள்வி, நீந்தத் தெரியுமா?

"தெரியும் எண்டு எழுது," என்றார். கொஞ்சம் யோசித்தார். "சுனாமிக்கு முந்தித் தெரியும் எண்டு எழுது."

பிறகு இவருடைய கேள்விகள் தொடங்கின. அந்த மலை எப்போது வெடிக்கும்? அடிக்கடி வெடிக்கும், ஆனால் நாம் போகிற பக்கம் இல்லை, வெடித்தால் சனம் பார்க்கப் போகும் என்று ஜுனைத் எழுதினான். வட்டானை தலையில் கைவைத்தார். "பாக்கப் போறாங்களா? கடல் உள்வாங்கினத்தப் பாக்க நாங்களும் இப்பிடித்தானே மனே போன!"

பகல் சாப்பாடு என்ன? ஆளுக்கொரு சாண்ட்விச். "பாண் தின்னவா இவ்வளவு தூரம் போற? சஹன் ஒண்டக் கயித்துல கட்டி இறக்கேலாதா எண்டு கேளு." கேட்டேன். சஹன் என்றால் என்ன என்று விளக்க எனக்கு ஒரு பக்கம் பிடித்தது. இறக்கலாம், சோறு மிஞ்சாது என்று பதில் வந்தது.

உடுப்பு என்ன? கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற கறுப்பு ரப்பர் உடுப்பு என்று போட்டோ அனுப்பினான். வட்டானை அதை நெடுநேரம் பார்த்தார். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த உடுப்புகளில் ஒழுங்கானது இது ஒன்றுதான் என்றார்.

எரிமலைச் சாம்பலில் தயம்மும் செய்து தொழலாமா என்று மௌலவியிடம் போய்க் கேட்டார். தொழுகைக்கு முன் கைகால் கழுவத் தண்ணீர் கிடைக்காத இடத்தில்தான் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்வது. மௌலவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "கழுத்து மட்டும் தண்ணிக்குள்ள நிண்டுக்கிட்டு ஒங்களுக்கு என்னத்துக்குக் காக்கா தயம்மும்?"

அவருடைய மனைவியை நான் ராத்தா என்பேன். ராத்தா ஒருநாள் கடை வாசலுக்கே வந்துவிட்டார். "வெள்ளக்காரன்ட ஆத்துல இறங்கப் போறாராம். எங்கட கிணத்துல வாளி விழுந்து பெருநாளோட பெருநாள் ஆகுது. அத எடுக்க ஆளில்ல!"

ஆனால் மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது தண்ணீர் பற்றிய கேள்விதான். மழை பெய்தால் ஆறு திடீரென்று பெருகும், அதனால் வானம் பார்த்துத்தான் இறங்குவோம் என்று ஜுனைத் எழுதியிருந்தான். வட்டானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குப் போய் என்னத்துக்கு வானத்தப் பாக்குற? அந்த ஆத்து வட்டானையிட்டச் சொல்லி விடியச் சுபஹுல இருந்து பகல் லுஹர் மட்டும் கதவ அடைச்சு வெச்சாச் சரிதானே. நான் ஒரு வட்டானை கேக்கிறன் எண்டு எழுது. மாட்டன் எண்டு சொல்ல மாட்டாரு."

எழுதினேன். மூன்று கேள்விக்குறி மட்டும் பதிலாக வந்தது. பிறகு விளக்கம் வந்தது. அந்த ஆற்றுக்குக் கதவே இல்லை.

"கதவில்லாத ஆறா?" வட்டானை எழும்பி நின்றுவிட்டார். ஜக்கெட்டோடு ஒரு கீபோர்டும் எழும்பியது. "அப்ப தண்ணிக்கு ஆரு பொறுப்பு?"

"ஒருத்தரும் இல்லயாம் காக்கா. மேகத்துல இருந்து நேர வருகுதாம்."

"மேகத்துக்கு ஆரு வட்டானை?"

"அல்லாஹ்தான் காக்கா."

வட்டானை கீபோர்டை மேசையில் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப மெயில் போட்டு வேலயில்ல," என்றார்.

ஆனாலும் பயணத்தைக் கைவிடவில்லை. பயணம்தான் அவரைக் கைவிட்டது. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், ஸ்டூடியோக்காரர் ஜக்கெட்டைக் கழற்றச் சொன்னார். இவர் மாட்டேன் என்றார். அவர் சட்டம் சொன்னார், இவர் சுனாமி சொன்னார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். கடலைத் தாண்ட வேண்டிய பிரயாணம் கல்முனை பஸாரைத் தாண்டவில்லை.

நான் ஜுனைத்துக்கு நிலைமையை எழுதினேன். கூட்டம் கிட்ட வந்துவிட்டது, இவருடைய வேலை போகப்போகிறது என்று. அவன் உடனே எழுதினான்: உங்கள் ஊரில் தண்ணீர் கொஞ்சமாவது கீழே விழுகிற இடம் இல்லையா? ஒரு நல்ல கயிறு, தலைக்குக் கவசம், முன்னுக்கு இறங்க ஒருவர், மேலே பிடிக்க ஒருவர். போதும்.

எங்கள் வாய்க்கால் ஓர் இடத்தில் ஆளுயரத்தில் இருந்து கீழே விழும். அதன் அடியில் தண்ணீர் விழுந்து விழுந்து குழிந்த ஒரு கிடங்கு. கல்முனை மீனவர் ஒருவரிடம் தோணிக் கயிற்றை இரவல் வாங்கினேன். முன்னுக்கு இறங்குகிற ஆளாகத் தானே வந்து நின்றார் சின்னத்தம்பியர், தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு.

"இவர் இறங்குறத நான் கீழ நிண்டுதான் பாக்கோணும். இறங்கினாரெண்டா கூட்டத்துல நான் வாய் திறக்கமாட்டன். மேல நிண்டு பாத்தா, குனிஞ்சத இறங்கினது எண்டு சொல்லிப்போடுவாங்க."

செய்தி பரவி ஊர் கூடிவிட்டது. ஐஸ்பழக்காரரும் மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சின்னத்தம்பியர் இடுப்புச் சாரனை மடித்துக் கட்டி, ஆடு மாதிரிக் குதித்துக் குதித்துக் கீழே இறங்கி, கிடங்கின் ஓரத்துக் கல்லில் நின்றுகொண்டார். வட்டானையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மருதமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். அவர் விளிம்பில் போய் நின்றார். பிஸ்மில்லாஹ் சொன்னார். மறுபடியும் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஆருக்கும் தண்ணி பிந்தித் துறந்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க."

"பேரு சொல்லத் தொடங்கவா காக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

சனம் சிரித்தது. வட்டானை சிரிக்கவில்லை. அவர் கயிற்றை இரண்டு கையாலும் பற்றி இழுத்த இழுவை என் கைக்கு வந்தது. அப்போது எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னேரத்து அசர் பாங்கு சொல்லி முடிந்தது. ஐஸ்பழம் விற்று முடிந்தது. அவர் அசையவில்லை. கீழே நின்று கால் விறைத்துப்போன சின்னத்தம்பியர், "என்ன காக்கா, உறங்கிட்டீங்களா?" என்று எட்டிப் பார்த்தார். பாசியில் கால் வழுக்கியது. ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட் மட்டும் தனியாக மேலே வந்தது.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, கை உணர்ந்தது. கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. வட்டானை பாய்ந்துவிட்டார்.

பாய்ந்தார், ஆனால் தாழவில்லை. ஜக்கெட் விட்டால்தானே! நுரைக்குள்ளே பூசணிக்காய் போலச் சுழன்றுகொண்டு, "என்னக் கீழ விடுகுதில்லயே! என்னக் கீழ விடுகுதில்லயே!" என்று கத்தினார். பிறகு ஜக்கெட்டின் வாரை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். ஐந்து வருஷம் பகலில் கழற்றாத ஜக்கெட் கழன்று ஒரு பக்கம் மிதந்தது. அவர் முங்கினார்.

முங்கியவர் சின்னத்தம்பியரின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். இருவரும் இருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். அப்போதுதான் தெரிந்தது, தண்ணீர் நெஞ்சு மட்டும்தான்.

சின்னத்தம்பியர் முதலில் சொன்ன வார்த்தை நன்றி இல்லை. "என்ர சாரன்! சாரன் செத்தைக்குள்ள மாட்டிக் கிடக்கு, காக்கா! இந்தச் சனத்துக்குள்ளால நான் எப்பிடி ஏறுற?"

வட்டானை ஒரு கணம் அவரைப் பார்த்தார். மறுபடியும் முங்கினார். முதல் முறை உயிருக்காக முங்கினார், இரண்டாம் முறை ஒரு சாரனுக்காக. இரண்டாம் முறைதான் கரையில் நின்ற சனம் கைதட்டியது.

வயல்காரர் கூட்டத்தை நடத்த வந்த அரசாங்க அதிகாரி, பழைய வட்டானையே தொடர்வதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். வாய் திறக்கமாட்டேன் என்றிருந்த சின்னத்தம்பியர் எழும்பினார்.

"ஆட்சேபம் இருக்கு ஐயா. இவர் தண்ணிக்குள்ள இறங்கமாட்டார் எண்டு நான்தான் சொன்னன். அது பிழை. இறங்கினாரெண்டா ஏறமாட்டார். அதையும் எழுதிக்கொண்டு இவரையே போடுங்க."

அவர் சொன்னது மெய். அன்றைக்குச் சனம் கலைந்து, சின்னத்தம்பியர் ஈரச்சாரனோடு சைக்கிளில் ஏறிப் போனபிறகும் வட்டானை கரைக்கு வரவில்லை. விழுகிற தண்ணீருக்கு நேர்கீழே போய், தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அழுதாரா சிரித்தாரா தெரியாது, முகமெல்லாம் தண்ணீர். எனக்கு அழுகை வந்தது. நான் கரையில் நின்றதால் அதை மறைக்க முடியவில்லை.

"மனே," என்று கீழேயிருந்து கூப்பிட்டார், "கயித்த விட்டிராத."

நெஞ்சளவுத் தண்ணீர். விட்டாலும் ஒன்றும் ஆகாது, அது அவருக்கும் தெரியும். உரிந்த கை எரிய எரிய, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லி அவர் கரையேறும் வரைக்கும் நான் விடவில்லை.