மைனஸ் அண்ணன் விலகி இருந்த கதை

மலேசியாவின் ஜொகூரில் எதற்குமே ‘சரி’ சொல்லாமல் ஐம்பத்தெட்டு வயது வரை ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் மைனஸ் அண்ணன்தான். பழைய தமிழ்ப் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் எழுத்தாக மாற்றித் தரும் இலவச மென்பொருளை ஸ்கூடாயில் ஒரு வாடகை அறையில் தொடங்கியவர். நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மின்னஞ்சலில் ஓட்டு உண்டு. ஏற்றால் பிளஸ், மறுத்தால் மைனஸ். அண்ணன் போட்டதெல்லாம் மைனஸ். ஒருமுறை தன் யோசனைக்கே மறுநாள் காலையில் மைனஸ் போட்டார். நிரல் எழுதத் தெரியாத நான் எழுதிய உதவிக் குறிப்புகளுக்கு மட்டும் எதிர்ப்பே வந்ததில்லை. அவற்றை அவர் படித்ததே இல்லை என்று பிறகு தெரிந்தது.

எங்களுக்கு நிழல் கொடுத்துவந்த வெளிநாட்டு அறக்கட்டளை ஒருநாள் கேட்டது: தனியாக நிற்கத் தயாரா? அண்ணன் கைபடாமல் ஒரு பதிப்பை வெளியிட்டுக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அண்ணன் சரி என்று சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ரெங்கத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்தாம் நாள் ‘லெட்சுமி’ என்று ஒரு புதியவர் வந்து எங்கள் திருத்தங்களை வரிவரியாகக் கிழித்தார். எங்களில் உருப்படியாக நிரல் எழுதுகிற மேரி, அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

“அண்ணே, லெட்சுமி யாரு?”

“என் தங்கச்சி லா.”

“அவங்க கோழி வளக்குறாங்க.”

“கோழி வளக்குறவங்க கோட் பாக்கக் கூடாதா?”

அண்ணன் கைபட்டுவிட்டதால் தேர்வு ரத்து. மூன்று மாதம் கழித்து மறுபடி முயன்றோம்.

இந்த முறை லெட்சுமி வரவில்லை. நாங்கள் வெளியிட்ட பதிப்பு ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை விழுங்கியது. அண்ணனின் வசவுக்காக இரண்டு நாள் காத்திருந்தோம். சத்தமே இல்லை. மேரி சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு, தானே உட்கார்ந்து சரிசெய்தாள். அண்ணன் திருந்திவிட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

தேறிவிட்டோம் என்ற நல்ல செய்தியைச் சொல்ல ரெங்கத்துக்கு அழைத்தேன். தங்கை எடுத்தார். அண்ணன் ஐந்து வாரமாகக் குளுவாங் மருத்துவமனையில் இருக்கிறார். ஈரலில் கட்டி. முதல் தேர்வுக்கு முன்பே அவருக்குத் தெரியுமாம்.

“சொன்னா ஓடி வந்து என்னையே கேப்பாங்க, பரீட்ச கெட்டுரும்னுட்டாரு, தம்பி.”

போனோம். ஆள் பாதியாகியிருந்தார். மேரி மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். தனியே போகலாம் என்று எல்லோரும் ஓட்டுப் போட்டிருந்தோம், அவர் ஒருவர்தான் பாக்கி. அவர் ஓட்டைப் பார்க்கவில்லை, மேரியின் திருத்தத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

“யாரு செஞ்சது?”

“நான்தாண்ணே.”

“என்னைய கேக்கல?”

“தேடுனேன். நீங்க வரல.”

“நாலாவது வரி அசிங்கமா இருக்கு” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “பரவால்ல. பிளஸ் போட்டுரு.”

இரண்டு வாரத்தில் போய்விட்டார்.

மென்பொருள் இப்போது தனியாகத்தான் நிற்கிறது. ஓராண்டாக வேலை செய்யாதவர்களின் பெயரைப் பொறுப்பாளர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எழுதியவன் நான், நீக்க வேண்டியவனும் நான்தான். பட்டியலைத் திறக்கிறேன், முதல் பெயரைப் பார்க்கிறேன், மூடிவிடுகிறேன்.