பழைய ஷெவர்லேயும் பார்லர் நாற்காலித் தோலும்

இந்தத் தடவை எவன் பேன்ட்டும் கிழியக் கூடாது. ரிகோபெர்த்தோ எடுத்த சபதம் அதுதான்.

ஹவானாவுல பழைய கார்க்காரங்களுக்குன்னு ஒரு கிளப். அதுல சேர ரிகோ ரெண்டு தடவை மனு போட்டாரு. ரெண்டு தடவையும் கிளப் தலைவர் டான் அனிசெத்தோ, ரிகோ குடியிருக்கற லூயனோ பேட்டைக்கு வந்து, ரிகோவோட ஐம்பத்தி மூணாம் வருஷ ஷெவர்லேல முன் சீட்டுல உக்காந்தாரு. ரெண்டு தடவையும் கிழிஞ்ச தோல் வழியா ஒரு ஸ்பிரிங் எகிறி வந்து அவர் பேன்ட்டைப் பதம் பார்த்துச்சு. ரெண்டாவது தடவை பேன்ட்டோட நிக்கல. மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா ஆயுசுக்கும் கிளப் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியாது. பாஸாகிட்டா, ஞாயித்துக்கிழமை கடற்கரைச் சாலையில இருபத்திரண்டு காரோட ஊர்வலம். ரிகோவுக்கு உசுரே அந்த ஊர்வலத்துலதான் இருந்துச்சு.

மொதல்ல பெயிண்டு. வெளுத்து, சொறி பிடிச்ச நாய் மாதிரி கிடந்துச்சு வண்டி. வண்டியோட பதிவுக் காகிதத்துல பச்சைன்னு எழுதியிருக்கறதால பச்சைதான் அடிக்கணும். தெரிஞ்ச மீனவன்கிட்ட படகுக்கு அடிக்கற பச்சையை வாங்கி, சுவத்துக்கு உருட்டற உருளையால உருட்டித் தள்ளினாரு. அப்புறம் உருளைத் தடம் போகணும்னு பல்பசையால தேய்ச்சாரு. நாலு நாள். வீட்டுல இருந்த பல்பசை மொத்தமும் காலி.

"கிழவா, காருக்கு எத்தனை பல்லு?"ன்னா பொண்டாட்டி ஒதாலிஸ். பல்லு தேய்க்க வாயில உப்பு.

"பளபளப்பு வருது பாரு!"

"வரும். எனக்குச் சொத்தைப் பல்லும் வரும்."

பெயிண்டு முடிஞ்சுது. தோலுக்கு எங்க போறது? ஊரையே சல்லடை போட்டுச் சலிச்சாரு. கிடைச்சதெல்லாம் செருப்பு அளவு. நொந்து போய் வீட்டுக்குள்ள நுழைஞ்சவரு அப்படியே நின்னுட்டாரு.

முன்னறையிலதான் ஒதாலிஸ் பார்லர் நடத்தறா. ரெண்டு பெரிய நாற்காலி, ஒரு நீள பெஞ்சு. எல்லாத்துக்கும் மாதுளை நிறத்துல அசல் தோல். பதினெட்டு வருஷமா பேட்டைப் பொம்பளைங்க மொத்தமும் உக்காந்து உக்காந்து வெண்ணெயா ஆக்கி வச்ச தோல். கண்ணு முன்னாடி தோல் கிடக்க, ஊரெல்லாம் தேடியிருக்காரு மனுஷன்! புத்தி அப்பவாவது நேரா வேலை செஞ்சிருக்கலாம். குறுக்கால செஞ்சுது.

"ஒதாலிஸ், நாளைக்குக் கொசுப்புகை அடிக்க வர்றாங்களாம். நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலமா வா."

"புகைன்னா முக்கால் மணி நேரம் வெளிய நிப்போம். சாயங்காலம் வரைக்கும் எதுக்கு?"

"இது புது மருந்து. ரொம்பக் காரமாம்."

"அப்ப நீ?"

"நான் ஆம்பளை. தாங்கிப்பேன்."

அவ மேலயும் கீழயும் பார்த்தா. போயிட்டா. ரிகோ கத்தியை எடுத்தாரு.

சாயங்காலம் ஒதாலிஸ் திரும்பி வந்தப்ப, ரெண்டு நாற்காலியும் பெஞ்சும் மீன் படம் போட்ட குளியலறைத் திரையைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

"என்னய்யா இது?"

"புது மருந்து தோலை அரிச்சிடுமாம். பத்திரமா இருக்கட்டும்னு கழட்டி எடுத்துட்டுப் போனாங்க."

"யாரு?"

"புகை அடிக்கறவங்க."

பட்டுன்னு ஒரு சத்தம். ஒதாலிஸ் தன் கையிலயே அடிச்சுக்கிட்டா. உள்ளங்கையை அவர் மூக்குக்குக் கிட்ட நீட்டினா. கொசு.

"ரிகோ."

"சொல்லு, தங்கம்."

"இது இப்ப வரைக்கும் உசுரோட இருந்துச்சு."

"வெளியூர்க் கொசுவா இருக்கும்."

அவ நேரா வாசலுக்குப் போனா. கார்க் கதவைத் திறந்தா. முன் சீட்டைத் தடவினா. சீட்டு நடுவுல, என்னிக்கோ அவ கையில இருந்து சுருட்டை இரும்பு விழுந்து சுட்ட தழும்பு. ரிகோ அதுமேல செருப்புப் பாலிஷ் பூசி வச்சிருந்தாரு. நகத்தால ஒரு சுரண்டு சுரண்டினா. பார்த்தா. கதவை மெதுவா சாத்தினா.

"அழகா இருக்கு."

அவ்வளவுதான். கத்தல. சட்டி பறக்கல.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்குத் தலைவர் வரணும். ரிகோ குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, ஒன்பதுக்கு வாசலுக்கு வந்தாரு. ஜன்னல் வழியா ஒரு ஒயர் காருக்குள்ள போகுது. பின்னாடி பார்க்கற கண்ணாடியில முடி காயவைக்கற மெஷின் தொங்குது. முன் சீட்டுல பக்கத்து வீட்டு மைதா, தலை நிறைய சாயத்தோட சாஞ்சு கிடக்கா. ஒதாலிஸ் கையில கத்தரி.

"என்னடி இது?"

"பார்லர்."

"இது என் காருடி!"

"ஆமா, உன் கார்தான். தாராளமா எடுத்துட்டுப் போ. தோலை மட்டும் வச்சுட்டுப் போ."

"தலைவர் வர்றாருடி!"

மைதா கண்ணைத் திறந்தா. "ரிகோண்ணே, இப்ப வண்டியைக் கிளப்பினா என் பாதி மண்டை சிவப்பு, பாதி மண்டை வெள்ளை. அந்தக் கோலத்தோட தினமும் உங்க வாசல்லதான் வந்து நிப்பேன்."

வெளிய இன்னும் நாலு பொம்பளைங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த ஊர்ல நாலு பேர் ஒரு இடத்துல நின்னா, அஞ்சாவது ஆள் 'எதுக்கு'ன்னு கேக்க மாட்டான். "கடைசி யாரு?"ன்னுதான் கேப்பான். கேட்டுட்டு அவங்க பின்னாடி நிப்பான். அரை மணி நேரத்துல வரிசை தெருமுனை தாண்டிடுச்சு.

"கோழியாம்."

"இல்லப்பா, முட்டை."

"எண்ணெய்னு சொன்னாங்களே?"

ரிகோ ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினாரு. "இங்க ஒண்ணும் விக்கல! எல்லாரும் கலைஞ்சு போங்க!"

"பாத்தியா? மொத்தத்தையும் இவனே அமுக்கப் பாக்கறான்!"

வரிசை ரெண்டு மடங்காச்சு.

சரியா பத்து மணிக்கு அனிசெத்தோ வந்தாரு. முன் ஜாக்கிரதையா ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பேன்ட்டு. வரிசையைப் பார்த்தாரு. வந்த வேலை மறந்து போச்சு.

"கடைசி யாரு?"

ஒரு அம்மா கையைத் தூக்கினாங்க. அவங்க பின்னாடி போய் நின்னுக்கிட்டாரு.

"ஐயா! நீங்க காரைப் பாக்க வந்தீங்க!" ரிகோ ஓடினாரு.

"தம்பி, கார் எங்கயும் ஓடிடாது. கோழி தீந்துடும்."

"கோழியே இல்லைங்கய்யா!"

"இப்படித்தான் போன மாசமும் ஒருத்தன் சொன்னான். நம்பிப் போனேன். என் பின்னாடி நின்னவன் வீட்டுல அன்னிக்கு கோழிச் சோறு."

மதியம் பன்னெண்டரைக்குத்தான் அவர் முறை வந்துச்சு. எதிர்ல பச்சைக் காரு, மாதுளைச் சீட்டு. கோழியைக் காணோம். சீட்டைக் கண்டதும் பழைய நினைப்புல பின்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. உள்ளங்கையால நாலு தடவை அமுக்கிப் பார்த்தாரு. மெதுவா உக்காந்தாரு. ஒதாலிஸ் சட்டுன்னு துணியைப் போத்தி, மீசைக்குச் சாயம் பூசிட்டா. ரிகோ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ஸ்பிரிங் சத்தம் வரல. கொஞ்ச நேரத்துல வேற சத்தம் வந்துச்சு. தலைவர் குறட்டை.

அரை மணி கழிச்சு முழிச்சு, கண்ணாடியில கரு கரு மீசையைப் பார்த்தாரு.

"பாஸ்!"னாரு. "எந்திரிக்கவே மனசு வரல. நாளைக்கு ஒன்பது மணிக்கு ஊர்வலம்."

ரிகோ குதிச்ச குதியில சட்டைப் பொத்தான் ரெண்டு தெறிச்சுது.

"நாளைக்கு வண்டி நகராது"ன்னா ஒதாலிஸ். "மூணு பொண்ணுங்களுக்குப் பதினஞ்சாம் பிறந்தநாள், கல்யாணம் மாதிரி விசேஷம். கொண்டை போட இங்கதான் வர்றாங்க."

"அடியே, என் உசுரை எடுக்காதடி!"

"தோல் எங்கயோ, பார்லர் அங்க. ஊர்வலம் போகணுமா? உரிச்சுக் குடுத்துட்டுப் போ."

ரிகோ யோசிச்சாரு. தோல் இருந்தா வண்டி நகராது. வண்டி நகரணும்னா தோல் போயிடும். தோல் போனா ஸ்பிரிங். ஸ்பிரிங் வந்தா பேன்ட்டு. பேன்ட்டு போனா கிளப்பு. எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒதாலிஸ் நிக்கறா.

அனிசெத்தோ மீசையை நீவிக்கிட்டே சொன்னாரு: "இதுக்குப் போய் ஏன் சண்டை? ஊர்வலத்தையே இந்தத் தெரு வழியா விட்டாப் போச்சு. எனக்கும் அடுத்த வாரம் புருவத்துக்குச் சாயம் போடணும்."

ஞாயித்துக்கிழமை இருபத்திரண்டு காரும் லூயனோவுக்குள்ள ஆரனடிச்சுக்கிட்டு வந்துச்சு. ரிகோ தன் காருக்குப் பக்கத்துல நின்னாரு. வலது கையில தண்ணி வாளி. இடது கையில சீப்பு, கொண்டை ஊசி, ஜன்னல் வழியா ஒரு பொண்ணோட நீளமான முடி. விட்டா கொண்டை சரிஞ்சிடும்.

மொத வண்டிக்காரன் வேகத்தைக் குறைச்சு எட்டிப் பார்த்தான். "அண்ணே! என்ன பெயிண்டு, என்ன தோலு! யாருதுண்ணே இந்த வண்டி?"

ரிகோ நெஞ்சை நிமித்தினாரு. வாயைத் திறந்தாரு. உள்ளே கத்தரிச் சத்தம் நின்னுச்சு.

"பார்லர் அம்மாவோடது தம்பி"ன்னாரு. "நான் தண்ணி ஊத்தறவன்."