என் மூச்சுக்கு நாத்தனார் சாட்சி

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நோய்களுக்கு நம்பர் போடும் என் மகன் வயிற்றுப் பேத்திக்கு, பாட்டி எழுதிக்கொண்டது. நான் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. அப்படிச் சொல்லித்தான் இத்தனை வம்பும் வந்தது என்பதால், நலமில்லை என்றே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடி இருக்க வேண்டும். உங்கள் கல்யாண ஃபோட்டோவில் என்னை ஓரமாக நிற்க வைத்தவர் அவர்தான் என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் கேட்டதாகச் சொல்.

போன முறை வந்தபோது, "டாக்டர் எழுதினதப் படிச்சு நம்பர் போடுவேன் பாட்டி, அத வச்சுத்தான் இன்சூரன்ஸ்காரங்க சரி சொல்வாங்க" என்றாய். இதற்கா இவ்வளவு படித்தாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது உன் கூட்டத்துக்காரி ஒருத்தி, இங்கே ஆஸ்பத்திரியில் உன்னைப் போலவே நம்பர் போடுபவள், என் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு வெகு நாளாக மூச்சு வாங்குவது உனக்குத் தெரியும். மருந்து மட்டும் போதாது, இங்கேயே மூச்சுப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, இன்சூரன்ஸ் சம்மதித்தால் சேரலாம் என்றார் நுரையீரல் டாக்டர். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். என் வயசுக்காரர்கள் நகராத சைக்கிளில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு சைக்கிள் என்றால் உயிர். சின்ன வயசில் என் அண்ணன் தன் சைக்கிளின் மணியைக்கூடத் தொடவிடவில்லை, அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த வகுப்பில் சேராமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

டாக்டர், "மாடி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் துணைக்கு வந்த என் நாத்தனார், அதாவது உன் அத்தைப் பாட்டி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, தடதடன்னு ஏறுவேன்" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? நான் வாழ வந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது, "அண்ணி மேல போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று கீழே நின்று சிரித்தவள் அவள். நீல ஜாக்கெட் போட்டிருந்தாள், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் கண்ணெதிரில் நான் மூச்சு வாங்கியதே கிடையாது.

டாக்டரும் 'மூச்சு வாங்குகிறது, மாடி ஏறச் சிரமமில்லை' என்று கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். எப்போதிலிருந்து, எதனால், சிரமமில்லை என்றால் வகுப்பு எதற்கு என்று உன் கூட்டத்துக்காரி கேட்டு அனுப்பிவிட்டாள். நர்ஸ் ஃபோன் செய்து, "டாக்டர் எழுதாதத அவங்களா நினைச்சுக்கிட்டு நம்பர் போட முடியாது பாட்டி" என்றாள். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. தானாக நினைத்துக்கொண்டு பேசுவதற்கு இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்.

மறுபடி புறப்பட்டேன். தையல் கடைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தால், நாத்தனார் தண்ணீர் பாட்டிலோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் "எப்ப இருந்தும்மா?" என்றார். "என் மகன் இரும்பு பீரோ வாங்கிட்டு வந்து, தள்ளுறதுக்கு என்னைக் கூப்பிட்டானே, அந்த வாரத்துல இருந்து" என்றேன். "வருஷம் சொல்லுங்கம்மா." "அதான் பீரோவச் சொல்லிட்டேனே!" "சரி, எதனாலன்னு நினைக்கிறீங்க?" நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். "அதுக்கெல்லாம் நம்பர் கிடையாதும்மா" என்றார். புத்திசாலிதான்.

நடக்கவிட்டுப் பார்ப்போம் என்று வராந்தாவுக்கு அனுப்பினார். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கவ்வி ஒன்றை நர்ஸ் என் விரலில் மாட்டினாள். என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த நாத்தனார் ஓர் அடி முன்னால் போய்விட்டாள். விடுவேனா? "பாட்டி, இது பந்தயம் இல்ல, உங்க வேகத்துல நடங்க!" "இதான் என் வேகம்!" என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. காலியாக நின்ற சக்கர நாற்காலியில் தொப்பென்று விழுந்தேன். அதற்கு பிரேக் போடவில்லை. மருந்துக் கடை வரிசையைக் கலைத்துவிட்டுத்தான் நின்றது.

"இப்பவாவது உள்ளதச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். நான் வாயே திறக்கவில்லை. நாத்தனார் திறந்தாள். "பாதி மாடியில நின்னு பக்கத்து வீட்டுச் செடியப் பாக்குற மாதிரி நடிப்பாங்க டாக்டர். அங்க செடியே கிடையாது. தலகாணி மேல தலகாணி வச்சு உக்காந்தமேனிக்குத் தூங்குறாங்க. முன்னெல்லாம் ஒரே மூச்சுல எங்க வம்சத்தையே திட்டுவாங்க. இப்ப எங்கப்பாவத் தாண்ட முடியல." டாக்டர் தட்டிக்கொண்டே இருந்தார். "அப்புறம், அந்தக் காலத்துல விறகடுப்புப் புகையில பூராவும் நின்னது அண்ணிதான். நான் நிக்கல." டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத யாரும் சொல்லவே இல்லையே!"

புகையில் நின்றது நான்தான் என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்க நான் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தேன். கடைசியில் சொன்னாள், அதுவும் என்னிடம் இல்லை, கம்ப்யூட்டரிடம். "இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று டாக்டர் கேட்டதற்கு, "பின்னாடியேதானே ஏறி வரேன். விழுந்தா பிடிக்க ஆள் வேணாமா?" என்றாள்.

இன்னும் ஒரு பரிசோதனை பார்த்து, புகையால் வந்த நாள்பட்ட நுரையீரல் நோய் என்று டாக்டர் எழுதினார். உன் கூட்டத்துக்காரியும் நம்பர் போட்டாள், இன்சூரன்ஸும் சம்மதித்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷம் என்னை வேவு பார்த்தவளோடு இனி ஒரு கூரையின் கீழ் இருக்க முடியாது. உன் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து அவளை அழைத்துக்கொண்டு போ. இதில் மாற்றமே இல்லை.

நீ போடும் நம்பர் ஒவ்வொன்றும் ஒரு மனுஷிக்கு வழி திறக்கட்டும். மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி.

பின்குறிப்பு: கார் வேண்டாம். இந்த வகுப்பு முடிந்ததும் நீட்டிப்பதற்கு டாக்டர் மறுபடி எழுத வேண்டுமாம். அவளை அனுப்பிவிட்டால் என்னைப் பற்றி யார் சொல்வது? நானா சொல்வேன்? துணைக்கு வருபவர்களும் மிதிக்கலாமாம், பக்கத்து சைக்கிளில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டேன். வரும்போது கால் வழுக்காத ஷூ இரண்டு ஜோடி வாங்கி வா. அவளுக்கு வாங்கச் சொன்னது நான்தான் என்று மட்டும் வாயைத் திறக்காதே.