மெல்போர்னுக்குப் போகப் போகிறவன்

மனிதர்களில் 'போகப் போகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. போனவர் வேறு, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. போகாதவரும் வேறு, அவர் நம்மைப் போல ரேஷன் கடை வரிசையில் நிற்பவர். போகப் போகிறவரோ இரண்டிலும் சேராதவர். உடம்பு இங்கேயே உட்கார்ந்திருக்கும், பேச்சு மட்டும் விமானம் ஏறியிருக்கும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கடலூர் முதுநகரில் இருந்தவன் பெயர் சிலம்பரசன். அவனை அவன் மனைவி மோனிகாவின் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் நியாயம். மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள்தானே?

சிலம்பரசன் டைல்ஸ் கடையில் விற்பனை பார்த்தான். மோனிகாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கல்யாணமான மூன்றாம் மாதம், சில்வர் பீச்சில் சுண்டல் தின்றுகொண்டே இருவரும் முடிவு செய்தார்கள்: ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு வருவது. கிடைத்த வேலையைச் செய்வது, ஊரைச் சுற்றிப் பார்ப்பது, திரும்பிவிடுவது. முப்பது வயது தாண்டாதவர்களுக்கு அப்படி ஒரு விசா இருந்தது. அதற்கு வருடா வருடம் குலுக்கல். கணவனும் மனைவியும் தனித்தனியாகக் கட்டணம் கட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். கையில் சேமிப்பு இருக்க வேண்டும்.

மோனிகா சேமித்தாள். ஸ்டேஷனிலிருந்து லேபுக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக் கொடுத்து மேல் வரும்படி சேர்த்தாள். மிக்ஸி இரைந்து நின்றபோது அம்மிக்குப் போனாள். கட்டில் கால் ஒடிந்தபோது செங்கல் முட்டுக் கொடுத்தாள்.

சிலம்பரசன் சேமிக்கவில்லையா என்றால், சேமித்தான். ஆனால் அவனுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. அவன் தயாராகிக்கொண்டிருந்தான்.

கைக்கடிகாரத்தை மெல்போர்ன் நேரத்துக்கு மாற்றினான். கடையில் யாராவது மணி கேட்டால், "அங்க இப்ப பத்தரை" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் விழிப்பதைப் பார்த்து, "இங்க ஆறு" என்று பெரிய மனசு பண்ணி இறங்கி வருவான். அங்கே குளிர் தொடங்கும் மாதம் என்பதற்காக, அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தான். வேர்க்குரு வந்தது. அதைக்கூடப் பயணச் செலவில்தான் சேர்த்தான். உறவில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், "போகப் போறோம்ல, செலவு ஜாஸ்தி" என்ற ஒரே பதிலில் மொய் மிச்சமாயிற்று.

தெருமுனை டீக்கடைக்காரர் தமிழ்மணியையும் அவன் விட்டுவைக்கவில்லை.

"தமிழ்மணி, ஒரு ஃப்ளாட் ஒயிட் போடேன்."

"அது இன்னாப்பா?"

"நுரை மெல்லிசா, மேல லேசா நின்னா போதும். மெல்போர்ன்ல எல்லாரும் அதான் குடிப்பாங்க."

"ஆத்தாத காபின்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார் தமிழ்மணி.

ஆனாலும் தமிழ்மணிதான் முதலில் அவனை 'மெல்போர்ன் மச்சான்' என்று கூப்பிட்டது. பெயர் தெருவெல்லாம் ஒட்டிக்கொண்டது. குலுக்கல் முடிவு வருவதற்கு முன்பே டைல்ஸ் கடையில் சக ஊழியர்கள் பிரியாணி போட்டு, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைப் பரிசளித்து வழியனுப்பினார்கள். அந்த வருடக் குலுக்கலில் இரண்டு பேருக்கும் விழவில்லை. பெட்டியை என்ன செய்வது? திருப்பிக் கொடுத்தால் நன்றாயிருக்காது. மறு வருடம் இரண்டாவது பிரியாணி போட்டார்கள்.

அந்த முறை சிலம்பரசன் திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டான்: இருவருக்கும் விழுந்தால் மொட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோனிகாவின் போனுக்கு மெயில் வந்தது. நாலு தடவை படித்தாள். பிறகு குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, எனக்கு விழுந்துடுச்சிங்க!"

சிலம்பரசன் ஈரத்தலையோடு வந்து அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. பிறகு தன் போனை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, செங்கல் வைத்த கட்டிலில் உட்கார்ந்தான்.

"எனக்கு வரல மோனி. நம்ப நேரம் அப்டி."

"பாதி மொட்ட போட்டுக்குங்க. பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவன் சிரிக்காமல் டீக்கடைக்குப் போய்விட்டான். மெயில் எங்காவது தப்பான இடத்தில் விழுந்திருக்குமோ என்று அவள் அவன் போனைத் துழாவினாள். விழுந்திருந்தது. 'உங்கள் விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, கட்டணம் செலுத்துங்கள்' என்று மூன்று மெயில். கீழே தள்ளினால், போன வருடத்திலும் அதே மூன்று.

அவன் திரும்பி வந்தபோது போன் அவள் மடியில் இருந்தது.

"ஃபீஸே கட்டலியா நீங்க?"

"மறந்துட்டன் மோனி. கடையில ஸ்டாக் எடுக்கற நேரம்..."

"போன வருஷமும் ஸ்டாக்கா?"

அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் மெல்போர்ன் வரைபடம் இருந்தது.

"தெருவுல நடந்தா மெல்போர்ன் மச்சான்றானுவோ. டைல்ஸ் பாக்க வர்ற கஸ்டமர்கூட, எப்ப சார் கெளம்புறீங்கன்னு கேக்கறாங்க. அங்க போனா நா இன்னா? ஓட்டல்ல தட்டு கழுவறவன். அங்க என்னைய யாரு மோனி கேக்கப் போறாங்க?"

மூன்று வருடத்தில் அந்த ஊரைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை இதுதான் என்று மோனிகாவுக்குப் பட்டது. அடிக்கக் கை வந்தது, பாவமாகவும் இருந்தது. மழையில் ஸ்டேஷனிலிருந்து நடந்த நாட்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"நானும்தான் தட்டு கழுவப் போறேன். என்னைய யாரும் ஒண்ணும் கேக்க வாணாம்."

"அப்ப... நீ மட்டும் போறியா?"

"போறேன்."

மூன்றாம் நாள், சேர்த்த பணம் முழுவதையும், தன் பங்கையும் சேர்த்து, அவள் கணக்குக்கு மாற்றினான். இதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். அடுத்த மாதம் அவனுக்கு முப்பத்தொன்று பிறந்து, அந்தக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மோனிகா அந்தச் சக்கரப் பெட்டியில் துணி அடுக்கினாள்.

சென்னை விமான நிலையத்தில் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்துக்கு, மெல்போர்னில் ஒரே நாளில் நாலு பருவம் வரும் என்று சிலம்பரசன் விளக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் சிங்கப்பூர் போகிறவர்கள். இருந்தும் மரியாதையாகக் கேட்டார்கள். மோனிகா உள்ளே போக வேண்டிய நேரம் வந்தபோது அவன் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை.

"திரும்பி வந்துடுவல்ல மோனி?"

"ஒரு வருஷம்னுதான பேசுனோம்? கைய எடுங்க, நேரமாவுது."

கண்ணாடிக்கு அப்பால் போய் அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் அந்தச் சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு எந்த வரிசை என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மோனிகா இப்போது அங்கே ஓர் உணவகத்தில் தட்டு கழுவுகிறாள். முதுகு வலிக்கிறது, விடுமுறை நாளில் ரயிலேறி முன்பின் தெரியாத ஊர்களுக்குப் போகிறாள். வேலை முடிந்ததும் போன் செய்வாள்.

"இங்க மழ கொட்டுதுங்க."

"இல்லியே, போன்ல வெயில்னுதான போட்டிருக்கு?"

"நனைஞ்சிக்கினு நிக்கறது நானு."

பிறகு, "கொட எடுத்துக்கினு போவ வேணாமா மோனி?" என்பான். அந்தக் குரலுக்காகத்தான் அவள் மறுநாளும் போன் செய்கிறாள். ஆனால் சொன்ன தேதிக்கு முன்னால் ஒரு நாள்கூட அவள் திரும்பப் போவதில்லை.

தெருவில் கேட்பவர்களுக்குச் சிலம்பரசன் பதில் வைத்திருக்கிறான்: "அவ முன்னாடி போயி எடம் பாத்து வெக்கறா. பின்னாடியே நா போகப் போறேன்." அடுத்தது கனடாவாம். அங்கே வயது வரம்பு கொஞ்சம் தாராளம் என்று விசாரித்திருக்கிறான்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். நீச்சல் கற்றுக்கொள்வதோ, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை வைப்பதோ, உங்கள் விஷயமே வேறு. அது அடுத்த வருடம் கட்டாயம் நடந்துவிடும். எதற்கும் வீட்டில் உங்களோடு இருப்பவரை ஒருமுறை பாருங்கள். உங்கள் திட்டத்தைப் பற்றி அவர் கொஞ்ச நாளாக எதுவுமே கேட்பதில்லை என்றால், அவருடைய மெயில் பெட்டியில் என்ன வந்திருக்கிறது என்று விசாரிப்பது நல்லது.