உண்டியலில் போட்ட மேட்ச் டிக்கெட்

என் மச்சான் நல்லசிவம் ஒரு பொய்யர். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவாக இருக்கலாம், என் மனைவி சரசுவுக்கு மூத்த அண்ணனாக இருக்கலாம். பொய்யர்தான்.

முப்பது வருஷம் வெளியூர்களில் கரண்டாபீஸ் வேலை பார்த்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று மல்லசமுத்திரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன். சேமிப்பிலிருந்து ஒரே ஒரு ஆசைக்கு எடுத்தேன்: மெட்ராசில் ஐந்து நாள் கிரிக்கெட் மேட்ச். டிக்கெட், ரயில், லாட்ஜ் எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாயிற்று. (சரசு திட்டவில்லை. முறைத்தாள். அது திட்டைவிட மோசம்.)

அப்போது பார்த்து ஊருக்குள் சின்னம்மை வந்தது. தெருவுக்கு நாலு வாசலில் வேப்பிலை. பள்ளிக்கூடத்துக் கபடிப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா இல்லையா என்று சொல்ல ஆள் ஒருவரும் உயிரோடு இல்லை. அது எப்படித்தான் வீட்டுக்கு வீடு தாவுகிறது? காற்றிலா, தண்ணீரிலா? தெருத்தெருவாகப் போய் ஆராய்ந்தேன். யாரோடு பேசினாலும் குடையை நீட்டி, அந்தத் தூரத்தில் நின்றுதான் பேசினேன். பால்காரரிடம் தினமும், "உங்கூட்ல ஆருக்காச்சும் கொப்புளம் போட்டிருக்குதா?" என்று கேட்டேன்.

"எருமைக்குக்கூட இல்லீங்க" என்றார்.

ஊர்க்கூட்டத்தில் நானே எழுந்தேன். "நோம்பி வர்ற வரைக்கும் காத்திருந்தா ஊரே படுத்துருமுங்க. இப்பவே பூச்சாட்டுங்க!" (நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா; அம்மனுக்குப் பூப் போட்டு அதைத் தொடங்குவதுதான் பூச்சாட்டு.)

"மாப்ள சொல்றது நாயந்தானுங்க" என்றார் நல்லசிவம். பூக்கூடைச் செலவு என் தலையில் விழுந்தது. பேசிப் பேசி நாள் போய், கடைசியில் சாட்டியது நான் கிளம்புவதற்கு முந்தின நாள்.

மறுநாள் காலை பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். டீக்கடைக் குப்பண்ணன் கேட்டார்: "ஏனுங், பொட்டியெல்லாம் பலமா இருக்குது?"

"மெட்ராசுக்குங்க. வர ஒரு வாரமாகும்."

டீ ஆற்றிய கை அப்படியே நின்றது. "நேத்துத்தானுங்களே சாட்டுச்சு? சாட்டிட்டா நோம்பி முடியற வரைக்கும் ஆரும் வெளியூர்ல ராத்தங்கப்படாதுங்களே!"

சின்ன வயதில் கேட்டிருப்பேன். மறந்தே போய்விட்டது. வேலையில் இருந்தவரை நோம்பியின் கடைசி நாள் வந்து கறி தின்றுவிட்டுப் போனவன்தானே நான்.

"பகல்ல பாத்துட்டு ராத்திரி ஊட்டுக்கு வந்துட்டா?" என்றேன்.

"மெட்ராசுக்கு டவுன் பஸ் உட்டா வரலாமுங்க."

பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தேன். கண்டக்டரும் உள்ளூர்க்காரர். "எறங்குங் சாமி. நாளைக்கு எவனுக்காச்சும் அம்மை போட்டா என்னையுமல்லங்க கேப்பாங்க!"

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. சாட்டச் சொல்லிக் கத்தியவனே சாட்டை மீறி ஓடுகிறான்! அதற்குள் சரசு வந்து பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சாயங்காலம் மச்சான் ஆறுதல் சொல்ல வந்தார். "டிக்கெட்டு கையில இருந்தா மனசு அலையுமுங்க மாப்ள. குடுங்க, கோயில் உண்டியல்ல போட்டர்றேன்." கொடுத்தேன். மடையன்.

ஐந்து நாளும் ரேடியோவைக் காதோடு வைத்துக் கிடந்தேன். அந்த ஐந்து நாளும் மச்சானைக் காணோம். "நோம்பிக்குச் சாமான் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போறாருங்கண்ணா. விடியால போனா கடைசி பஸ்ஸுக்குத்தான் வாராரு" என்றாள் அவர் சம்சாரம். பிறகு ஒரு நாள் கோயிலில் பார்த்தால், மனுஷனுக்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் கறுத்திருந்தது.

நோம்பி முடிந்து உண்டியலைத் திறந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் இல்லை.

"ஆத்தா எடுத்துக்கிட்டாளாட்டம் இருக்குதுங்க" என்றார். ஆத்தாளுக்குக் கிரிக்கெட் மேல் இத்தனை பிரியமா!

அம்மை அந்த மாதமே இறங்கிவிட்டது. சாட்டியதாலா, ஊரைவிட்டு ஒருவரும் போகாததாலா என்று இன்றும் யோசிக்கிறேன். ஒருவரும் போகவில்லை என்பதே சந்தேகம் என்பதால் கேள்வி இன்னும் சிக்கலாகிறது.

என் வீட்டில் இன்றைக்கும் நான் பெட்டியைத் தொட்டால் போதும், பேரன் பேத்திகள், "தாத்தா, சாட்டியாச்சுங்களா?" என்று கத்துகிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் இந்த வருஷம் சாட்டன்று கோயில் மைக் நல்லசிவம் கைக்கு வரும். ஊரும் கூடியிருக்கும். அவர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைக்குள் எந்தப் பக்கமிருந்துங்க மச்சான் வெயில் அடிக்கிறது?