சாவ்தானின் பிரம்பு

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் அலை ஒன்றைத் தவிர பாக்கி எல்லாவற்றையும் வரிசையில் நிற்க வைத்தவர் எங்கள் சாவ்தான். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டுக்கு செக்யூரிட்டி ஹெட்டாக வந்தவர். அட்டென்ஷனுக்கான பட்டாளத்து இந்திச் சொல்லே அவருக்குப் பேராகிவிட்டது. "சாவ்தான்" என்று ஒரு குரல் விட்டால் வாட்ச்மேன்கள் அத்தனை பேரும் விறைத்து நிற்போம். கேட்டில் படுத்திருக்கும் நாயும் எழுந்து நிற்கும்.

மற்ற யார்டுகளில் ஷிப்ட் மாறினால் சாவியை மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எங்களிடம் அது நடக்காது. போகிறவன் சாவ்தானின் பிரம்பை நீட்ட வேண்டும். வருகிறவன் பிடிக்க வேண்டும். அவன் பிடித்தது உறுதியான பிறகுதான் முதல் கை விட வேண்டும். பட்டாளத்தில் தலைமை மாறுவது அப்படித்தானாம். "கேட்டு ஒரு செகண்டுகூட அநாதையா நிக்கக் கூடாது நைனா" என்பார். அதற்குள் டிரெய்லர் லாரிகள் துறைமுகம் வரை நின்றுவிடும்.

"மாமு, மொதல்ல கேட்ட தொற. தாலி கட்றத அப்பால வெச்சிக்கோ" என்று டிரைவர்கள் கத்துவார்கள். சாவ்தான் இமைகூட அசைக்க மாட்டார்.

வயதாகி அவர் வேலையை விடும் நாள் வந்தது. அடுத்த ஹெட் நான் என்று கைகாட்டிவிட்டார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். போட்ட பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறியதும் பூட்டினோமா என்று கவலைப்படுகிறவன். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் பிரம்பைக் கீழே போட்டேன்.

"இன்னா நைனா, பாம்பா குடுக்கறேன்?"

"கை நடுங்குது சார்."

"நடுங்கட்டும். நடுங்கிகினே புடி."

இன்னொரு வழக்கமும் சொல்வார். விடைபெறும் அதிகாரியை ஜீப்பில் உட்கார வைத்து, கயிறு கட்டி, எல்லாரும் இழுத்துப்போய் வழியனுப்புவார்களாம். "எத்தினி ஜீப்பு இழுத்துகீறேன் தெரியுமா?" என்பார்.

"உங்கள இழுத்தாங்களா சார்?"

"ஹவில்தாருக்கு ஏதுடா ஜீப்பு?" என்று சொல்லிவிட்டு டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் கடைசி நாளில் லாரிக் கயிற்றை அவருடைய மொபெட்டில் கட்டி வைத்தோம். கயிறு அறுமோ, வண்டி சாயுமோ, அவர் இடுப்பு ஒடியுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரம்பை நீட்டினார். பிடித்தேன். கீழே விழவில்லை.

"புடிச்சிகினியா?"

"புடிச்சிகினேன் சார்."

"கெட்டியா?"

"கெட்டியா கீது சார்."

அவர் விடவில்லை. வெளியே ஹாரன் காதைக் கிழித்தது. பிரம்பு நடுங்கியது. வழக்கம்போல நான்தான் என்று குனிந்து பார்த்தேன். என் கை அசையாமல் இருந்தது. நடுக்கம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"நடுங்கட்டும் சார்" என்றேன் மெதுவாக. "நடுங்கிகினே வுடுங்க."

விட்டார்.

மொபெட்டில் விறைப்பாக உட்கார்ந்தார். இழுத்தோம். வண்டி நகரவில்லை. தாலி என்று கேலி செய்த டிரைவர் ஒருவரும் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தார். அப்போதும் நகரவில்லை.

"யோவ் மாமு, பிரேக்க வுடு. புடிச்சிகினே குந்திகினுகீற" என்றார் டிரைவர்.

இப்போது நான்தான் ஹெட். ஷிப்ட் மாறும்போது அதே பிரம்பை நீட்டுகிறேன். அவர் பிடித்திருந்த முனைக்கு யாராவது கையைக் கொண்டுபோனால் மட்டும் சொல்லிவிடுவேன்.

"தள்ளிப் புடி நைனா. அங்க ஆள் கீது."